பதிலி பெஞ்சு

அந்தப் பெஞ்சுக்குப் பெயர் வைத்தது புருஷோத்தமன்தான். டயாலிசிஸ் வார்டுக் கதவுக்கு வெளியே சுவரோரம் ஒரு இரும்பு பெஞ்சு கிடக்கும். உள்ளே இடம் கிடைக்காத நோயாளிகள் காலையிலேயே வந்து அதில் உட்கார்ந்துவிடுவார்கள். வரவேண்டிய ஆள் எவராவது வராமல் போனால், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெஞ்சில் இருப்பவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு அந்தக் கட்டிலில் படுக்க வைப்பார்கள். எல்லாரும் வந்துவிட்டால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து பஸ் ஏறி ஊருக்குப் போக வேண்டியதுதான்.

புருஷோத்தமனும் நானும் மில்லில் ஒரே டிபார்ட்மெண்டில் வேலை பார்த்தவர்கள். மில்லில் பதிலி என்று உண்டு. வேலை நிரந்தரமாகாத ஆள். தினமும் விடியலில் வந்து கேட்டில் நிற்பான். நிரந்தர ஆள் எவனாவது வராவிட்டால் அன்றைக்கு மட்டும் அவனுடைய தறி இவனுக்கு. இந்தப் பெஞ்சைப் பார்த்ததும் புருஷோத்தமன், “இது பதிலி பெஞ்சுய்யா” என்றான். அவன் விளையாட்டாகச் சொன்னது ஆஸ்பத்திரிப் பேச்சாகிவிட்டது. சிஸ்டர் செந்தமிழ்ச்செல்வி கூட, கதவைத் திறந்து, “பதிலி யாரு இருக்கீங்க?” என்றுதான் கேட்பாள்.

மில் போய்விட்டது. அதை மூடியவர்களும் போய்விட்டார்கள். எனக்குக் கடைசியில் கிடைத்த நிரந்தர இடம் இந்தக் கட்டில்தான். திங்கள், புதன், வெள்ளி, காலை ஷிப்டு. உடம்பில் தேங்கின தண்ணீர் எவ்வளவு என்று முதலில் எடை பார்ப்பார்கள். இடது கையில் இரண்டு ஊசி குத்தி, இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி, திரும்ப உள்ளே விடுவார்கள். முடியும்போது மத்தியானம் ஆகிவிடும். சிறுநீரகம் இரண்டும் சர்க்கரையில் போனவனுக்கு இதுதான் பிழைப்பு. அரசாங்க ஆஸ்பத்திரி, காசு இல்லை. ஆனால் கட்டு உண்டு. மாட்டை முளையில் கட்டினால் கயிறு எட்டும் மட்டும் மேயும். என் கயிற்றின் நீளம் இரண்டு நாள். சிதம்பரத்தில் தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து என்றார்கள். போய் முகத்தைக் காட்டிவிட்டு ஓடி வந்தேன். அங்கேயும் இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, பாயசம் கூடாது. தாகம் எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். புதுச்சேரி வெயிலில் தண்ணீரைத் துப்புகிறவனைப் பார்த்தால் சின்னப்பிள்ளைகள் சிரிக்கும்.

என்னை அழைத்துப் போவதும் வருவதும் மகள் சந்திரகலா. மாப்பிள்ளை விட்டுப் போனதற்கப்புறம் என்னோடுதான் இருக்கிறாள். ஆட்டோவில் ஏற்றி, கூடவே இருந்து, மத்தியானம் தள்ளாடி வருகிறவனைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். வாரத்தில் மூன்று நாள் இப்படிப் போகிறவளை எந்தக் கம்பெனியில் வேலைக்கு வைப்பார்கள்? பெரிய மார்க்கெட்டில் மற்ற நாளில் பூ கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். போக முடியவில்லை. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பெஞ்சுக்கு அப்போது ஒரு பெண் வருவாள். பாக்கியலட்சுமி. பாகூர்ப் பக்கம் ஒரு கிராமம், பயிர் வைக்கிற குடும்பம். இரண்டு பஸ் மாறி வருவாள். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். பிரசவத்தில் ஏதோ ஆகி சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். நான் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே அவள் கண் என்மேல் இருக்கும். கிழவன் வந்துவிட்டானே என்கிற கண். பார்த்துவிட்டுச் சிரிப்பாள்.

“வந்துட்டீங்களா தாத்தா?”

“வராம எங்க போவேன்?” என்பேன். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. மில் கேட்டில் பதிலிகள் எப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நிரந்தர ஆள் இருமினால் அவர்கள் காது விறைக்கும்.

ஒருநாள் கட்டிலில் படுத்தபடி புருஷோத்தமன் பழைய கதையை எடுத்தான். கதவு திறந்திருந்தது. பாக்கியலட்சுமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், எவராவது வராமல் போவார்களா என்று.

“இந்தாம்மா பாகூரு, கேட்டுக்க. மில்லுல பதிலி வூட்ல கஷ்டம்னு வய்யி. கொழந்தக்கி ஒடம்பு முடியல, தீபாவளி வருது. அப்ப நெரந்தர ஆளு என்னா செய்வான் தெரியுமா? வவுத்து வலின்னு சொல்லி ஒரு நாளு லீவு போட்டுருவான். பதிலி போயி நிப்பான். கூலி அவனுக்கு. கேட்டு வாங்க மாட்டான், சொல்லியும் குடுக்க மாட்டாங்க. அது ஒரு மொற.”

“எல்லாரும் அப்பிடிச் செய்வாங்களா?” என்றாள்.

“தோ படுத்துருக்கானே சக்கரபாணி, இவன் மட்டும் செய்ய மாட்டான்.”

“யோவ், அங்க லீவு போட்டா கூலி போவும். இங்க போட்டா ஆளே போயிருவான்,” என்றேன். “சின்னப் பொண்ணுகிட்ட கண்ட கதயும் சொல்லாத.”

“நீ சொல்தாவா பொறந்துருக்கணும்யா,” என்றான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற குடும்பங்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். “பாரீசுக்குப் போயி புது கிட்னியே மாட்டிக்கினு வந்துருப்ப. தறி ஓட்டுன பாவத்துக்கு இங்க கெடக்குற.”

பாக்கியலட்சுமியும் சிரித்தாள். அன்றைக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் வாய்க்கால்மேட்டில் புது டயாலிசிஸ் சென்டர் வருகிறது என்ற பேச்சு வந்தது. வாய்க்கால்மேடு நாங்கள் குடியிருக்கும் இடம், உப்பளத்தைத் தாண்டி. அங்கே இருக்கிற சுகாதார நிலையத்தின் பின்பக்கக் கட்டடத்துக்கு வெள்ளை அடித்தார்கள், ஏசி மாட்டினார்கள், பந்தல் போட்டு மாலை போட்டுத் திறந்தார்கள். கட்டடமும் மெஷினும் அரசாங்கத்துடையது, நடத்துவது ஒரு கம்பெனி, காண்ட்ராக்ட். ஒரு நாள் வார்டுக்கு ஒரு ஆபீசர் வந்தார். அந்தப் பகுதியில் இருப்பவர்கள் எல்லாரும் அங்கே மாறிக்கொள்ள வேண்டும், இங்கே காலியாகிற இடத்தைக் காத்திருப்பவர்களுக்குக் கொடுப்போம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மில்லை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோதும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

“அங்க மெஷின் ஓட்டுறது யாரு?” என்றேன்.

“டெக்னீஷியன் இருக்காங்க பெரியவரே. கம்பெனி ஆளுங்க.”

“அவங்களுக்குச் சம்பளம்?”

“கம்பெனி குடுக்கும்.”

“கம்பெனிக்கு?”

“அரசாங்கம் குடுக்கும்.”

“அரசாங்கம் குடுக்கலன்னா?”

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. “அதெல்லாம் நிக்காது. ரெண்டு வருசத்துக்கு ஒப்பந்தம் போட்டாச்சு.”

“நின்னா என்னோட எடம் எனக்குத் திரும்பக் கெடைக்கும்னு எழுதிக் குடுப்பீங்களா?”

“அப்பிடியெல்லாம் எழுத முடியாதுங்க.”

“அப்ப நான் வரல.”

அவர் போகும்போது சிஸ்டரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குக் காது கேட்கும். பிடிவாதக் கிழம் என்று சொன்னார்.

அடுத்து வந்த நாட்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது நின்றுகொண்டிருந்தார்கள். சிஸ்டர் சொன்னாள், நடந்து போகிற தூரத்தில் இருப்பதை விட்டு ஏன் இங்கே வந்து அலைகிறீர்கள் என்று. கட்சி வட்டத்துத் தலைவர் வீட்டுக்கே வந்தார். பெஞ்சில் பாக்கியலட்சுமி இருந்தாள். கால் வீங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் காலோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிப்பதையும் நிறுத்தியிருந்தாள். மூச்சு வாங்கிற்று.

சந்திரகலா மட்டும்தான் வாயே திறக்கவில்லை. ஒருநாள் ஆட்டோவில் வரும்போது அவள் போன் அடித்தது. சோப்புக் கம்பெனி சூப்பர்வைசர். “இல்லீங்க சார், அப்பாவ விட்டுட்டு வர முடியாது,” என்று சொல்லிவிட்டு வைத்தாள். அப்புறம் முந்தானையால் போனைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அழுக்கே இல்லை, துடைத்தாள்.

“நடந்து போற தூரம்னா நீ கூட வரவேணாம் இல்ல?” என்றேன்.

“கொண்டுபோய் விட்டுட்டு வேலைக்குப் போயிருவேன். மத்தியானம் பக்கத்து வூட்டு ஆயம்மா கூட்டியாந்துரும்.”

எல்லாம் முன்னமே யோசித்து வைத்திருந்தாள். சொல்லாமல் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமையிலிருந்து என் கட்டில் பாக்கியலட்சுமிக்கு.

புது சென்டரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் தேடினேன், கிடைக்கவில்லை. சாய்ந்துகொள்ளும் நாற்காலி, போர்வை, டிவி. இனியவன் என்று விழுப்புரத்துப் பையன் ஒருவன் மெஷின் பார்த்தான். ஊசி குத்துவதில் அவனுக்குக் கை சுத்தம். நான் நடந்தே போனேன். சந்திரகலா சோப்புக் கம்பெனிக்குப் போனாள். சாயங்காலம் வரும்போது அவள் தலைமுடி வரைக்கும் எலுமிச்சை வாசனை அடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புதுச் சட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். ஊசி போடுகிற கையைச் சுருட்டிவிட வசதியாக அரைக்கைச் சட்டை.

“இப்ப என்னா சொல்ற?” என்றாள்.

“பாக்கலாம்,” என்றேன்.

மழைக்காலம் முடிவதற்குள் பார்த்துவிட்டோம். முதலில் ஏசி நின்றது. பிறகு நர்சுகளில் ஒரு பெண் வரவில்லை. இரத்தம் கழுவுகிற வடிகட்டி புதிதாக வரவில்லை என்று பழையதையே கழுவிக் கழுவிப் போட்டார்கள். இனியவன் முகத்தில் சவரம் இல்லை.

“என்னாப்பா, சம்பளம் வரலியா?” என்றேன்.

“கம்பெனிக்கே பணம் வரலன்றாங்க பெரியவரே. பில்லு போட்டு அனுப்புனா, போன வருசத்துக் கணக்கு முடியல, புது வருசத்துக்கு ஒதுக்கலன்னு திருப்பி அனுப்புறாங்களாம்.” ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தினான். “கடலூர்ல ஒரு எடம் கூப்புடுறாங்க. நான் போறேன். தப்பா நெனைக்காதீங்க.”

“உன்ன எதுக்கு நெனைக்கப் போறேன்,” என்றேன்.

அடுத்த முறை போனபோது கதவு பூட்டியிருந்தது. பராமரிப்புப் பணிக்காகத் தற்காலிகமாக மூடப்பட்டிருக்கிறது என்று கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சந்திரகலா படித்துச் சொன்னாள். கண்ணாடி வழியாக நாற்காலிகள் தெரிந்தன. போர்வையை மடித்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

நேரே பழைய வார்டுக்குப் போனோம். சிஸ்டர் செந்தமிழ்ச்செல்வி கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“உங்க பேரு அந்த சென்டர்லதான் இருக்குது பெரியவரே. அத இன்னும் மூடல.”

“பூட்டிருக்குதும்மா. இப்பத்தான் பாத்துட்டு வரேன்.”

“தற்காலிகமா நிறுத்தி வச்சுருக்குதுன்னுதான் ஆர்டர். மூடிட்டோம்னு ஆர்டர் வந்தாத்தான் உங்கள இங்க எடுக்க முடியும். எடுத்தாலும் எடம் வேணுமே. எல்லாம் நெரம்பிப் போச்சு.”

“அப்ப நான் யாரு?”

“நீங்க அங்கதான் நெரந்தரம்.”

பூட்டின கதவுக்கு நிரந்தர ஆள். மில்லில் கூட எனக்கு இப்படி ஒரு பதவி கிடைத்ததில்லை.

சந்திரகலா அரசாங்கக் காப்பீட்டுக் கார்டை எடுத்துக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தாள். கார்டில் செய்கிறோம், ஆனால் பழைய நோயாளிகளின் பில்லே அரசாங்கத்திடம் நிற்கிறது, புது ஆள் எடுப்பதில்லை என்று வரவேற்பிலேயே சொல்லி அனுப்பினார்கள். காசு கொடுத்துச் செய்வதென்றால் வாரத்துக்கு மூன்று முறை. அதை யோசிக்கவே வேண்டியதில்லை.

ஆக, பெஞ்சு. நான் போய் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து புருஷோத்தமன் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

“என்னாய்யா, பதிலில சேந்துட்டியா?”

“நீ எப்ப போவன்னு பாத்துக்கினு ஒக்காந்துருக்கேன்,” என்றேன்.

“நான் போக மாட்டேன். உனக்குன்னே இருப்பேன்.”

பாக்கியலட்சுமி வந்தாள். கொஞ்சம் தேறியிருந்தாள். கால் வீக்கம் வடிந்து கொலுசு போட்டிருந்தாள். பெஞ்சில் என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். அவள் உள்ளே போய் என் கட்டிலில் படுத்தாள். கட்டில் எவன் அப்பன் வீட்டுச் சொத்து? ஆனாலும் எனக்கு அது என் கட்டில்தான்.

பதிலிக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. முதல் வாரத்தில் ஒரு தரம் கிடைத்தது. அடுத்த வாரத்தில் ஒன்று. தண்ணீர் உடம்பில் ஏறிக்கொண்டே வந்தது. முதலில் பாதம், பிறகு கெண்டைக்கால், பிறகு முகம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினேன். சொந்த உடம்புக்குள் ஒருவன் மூழ்க முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. சந்திரகலா கம்பெனிக்கு லீவு சொல்லிக்கொண்டே இருந்தாள். சூப்பர்வைசர் நல்ல ஆள்தான், அவரும் எத்தனை நாள் பொறுப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு வாயைத் திறந்துதான் மூச்சு விட முடிந்தது. பாக்கியலட்சுமி வந்தாள், என் எதிரில் குனிந்து என் காலை விரலால் அழுத்தினாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. எழுந்து உள்ளே போனாள். சிஸ்டரிடம் அவள் பேசுவது கேட்டது.

“சிஸ்டர், எனக்கு இன்னிக்கு முடியல. வவுத்து வலி. நான் போயிட்டுத் திங்கக்கெழம வரேன்.”

“வவுத்து வலின்னா டாக்டரப் பாத்துட்டுப் படு. லீவு போட இது என்னா பள்ளிக்கூடமா?”

“இல்ல சிஸ்டர். போறேன்.”

சிஸ்டர் திட்டுவதைக் காதில் வாங்காமல் அவள் விடுவிடென்று என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போய்விட்டாள். பெஞ்சில் இருந்தவர்களில் மோசமாக இருந்தவன் நான்தான். என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஊசி ஏறி, மெஷின் ஓடத் தொடங்கி, மூச்சு கொஞ்சம் இறங்கியபோதுதான் பக்கத்துக் கட்டிலிலிருந்து புருஷோத்தமன் சொன்னான்.

“அது லீவு போட்டுட்டுப் போவுது, பாத்தியா?”

“வவுத்து வலியாம்.”

“வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சொன்ன கதய நெசம்னு புடிச்சுக்கினு இருக்குது அந்தப் பொண்ணு.” அவன் குரலில் கேலி இல்லை. “வெள்ளிக்கெழமையில எவனாச்சும் லீவு போடுவானா?”

திங்கள், புதன் என்றால் நடுவில் ஒரு நாள்தான். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் நீளமான இடைவெளி. நிரந்தர நோயாளிகளில் எவரும் வெள்ளியைத் தவறவிட மாட்டார்கள். காய்ச்சல் என்றாலும் தவழ்ந்தாவது வந்துவிடுவார்கள். பாக்கியலட்சுமி பதிலியாகவே இருந்து பழகியவள். அவளுக்கு எல்லா நாளும் ஒன்று. அதோடு, இடம் நிச்சயம் என்று ஆனதும் அவளும் மனிதப்பிறவிபோலக் கூட இரண்டு வாய் தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருப்பாள்.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். “பாதியில நிறுத்திட்டு அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க. மீதி நேரத்த அது படுக்கட்டும்.”

“அப்பிடிப் பண்ண முடியாது பெரியவரே. ஒரு ஷிப்டுக்கு, கட்டிலுக்குக் கொழாயும் வடிகட்டியும் ஒரு செட்டுதான் கணக்கு. உங்களுக்குப் பிரிச்சாச்சு. அத அவளுக்குப் போட முடியாது. இன்னொண்ணு பிரிச்சா யாரு பதில் சொல்றது?”

போனில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அணைத்து வைத்திருந்தாள். நான் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் வரைக்கும் முழுசாகப் படுத்து, கடைசிச் சொட்டுத் தண்ணீர் வரைக்கும் எடுத்துக்கொண்டுதான் எழுந்தேன். நடக்கும்போது கால் இலேசாக இருந்தது. நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் களத்துமேட்டில் விழுந்துவிட்டாளாம். ஆம்புலன்சில் கொண்டுவந்து, அவசரப் பிரிவில் மூக்கில் குழாய் வைத்து, ஒரு இராத்திரி தாங்கியிருக்கிறாள். கூட அவள் மாமியார், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. நான் பெஞ்சில்தான் இருந்தேன். அன்றைக்கு எனக்கு இடம் இல்லை.

அவள் ஷிப்டு முடியும் வரைக்கும் காத்திருந்தேன். வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“அறிவு இருக்குதா ஒனக்கு?” என்றேன். “எவனோ ஒரு பைத்தியக்காரன் மில்லு கத சொன்னான்னா நீயும் செய்வியா?”

“நீங்க எடம் குடுத்தீங்க தாத்தா. நான் ஒரு நாளு குடுக்கக்கூடாதா?”

“நான் குடுக்கல. என்னப் புடுங்கிப் போட்டாங்க. எங்கிட்டேர்ந்து போச்சு, உங்கிட்ட வந்துச்சு. அவ்ளோதான்.”

“எப்பிடி வந்தாலும் வந்துச்சுல்ல.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, “வெள்ளிக்கெழம கூடாதுன்னு எனக்குத் தெரியாது. இனிமே முடியலன்னா சொல்லுங்க, புதங்கெழம போட்டுக் குடுக்குறேன்,” என்றாள்.

மாமியார்க்காரி என்னைப் பார்த்த பார்வையில் நான் பிழைத்ததே ஆச்சரியம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் இடத்தில் இருந்தால் நான் வாயாலேயே சொல்லியிருப்பேன்.

புதன்கிழமை காலையில் சந்திரகலா ஆட்டோவோடு வந்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

“நான் வரல.”

“என்னாப்பா சொல்ற? மூஞ்சப் பாரு, ஊதிக் கெடக்குது. போயித்தான் பாப்போமே, யாராச்சும் வராம இருப்பாங்க.”

“யாரும் வராம இருக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணு என்னப் பாத்தா வவுத்து வலின்னு சொல்லிட்டுப் போயிரும்.”

“அது போனா அதோட தலையெழுத்து. நீ கேட்டியா?” சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்டோக்காரர் வாசலில் ஹாரன் அடித்தார்.

நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் கொடுத்தால் நான் வாங்கிக்கொள்வேன். ஒருமுறை வாங்கிக்கொண்டவன், மறுபடியும் வாங்குவேன். அந்தக் கட்டிலைக் கண்ணில் பார்த்துவிட்டால், மூச்சு முட்டுகிறவனுக்கு எது நியாயம், எது அடுத்தவள் உயிர்? ஆபீசரை நம்பவில்லை, கம்பெனியை நம்பவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சக்கரபாணியை மட்டும் எப்படி நம்புவது? அதனால்தான் வீட்டிலேயே கிடந்தேன். சந்திரகலா ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கும் கம்பெனிக்குப் போகவில்லை.

“செவ்வாய், வியாழன், சனின்னு ஒரு கூட்டம் வருது இல்ல,” என்றேன், சாயங்காலம். “நாளைக்கு அதுல போயி ஒக்காரலாம்.”

“அங்க யாரையும் தெரியாதே?”

“அதுக்குத்தான்.”

வியாழக்கிழமை விடிந்ததும் போனோம். படியேற இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். பெஞ்சில் எனக்கு முன்னால் ஒரே ஒரு ஆள். வேட்டியும் துண்டுமாக ஒருவர் வந்தார்; உள்ளே போனார். மகன் கையைப் பிடித்துக்கொண்டு குருசுக்குப்பத்துக்காரர் ஒருவர், ஆளைப் பார்த்தாலே கடலில் போனவர் என்று தெரியும், அவரும் போனார். காலேஜ் படிக்கிற வயதில் ஒரு பெண், காதில் பாட்டு கேட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொருவர் தலையாகப் படியில் தெரியும்போதும் மனசுக்குள் ஒரு கட்டிலைக் கழித்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் பார்வையை மாற்றவில்லை. ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, “வந்துட்டீங்களா?” என்று யாரோ தெரிந்தவரிடம் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, அது தப்பான கேள்வி என்று புரிந்து, வேகமாகப் போய்விட்டாள்.

படி காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. எனக்கு முன்னால் இருந்த ஆள், எனக்கு அடுத்த ஷிப்டு போதும், முந்தாநாள்தான் ஒரு இடம் கிடைத்துச் செய்துகொண்டேன், உங்கள் முகம் சரியில்லை என்று தானாகவே நகர்ந்து உட்கார்ந்தார். நான் நன்றி சொல்லவில்லை. பேச மூச்சு இல்லை. உள்ளே மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. இனி யாரும் வந்துவிடக் கூடாது என்று அந்தப் படியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கதவு திறந்தது. வேறு சிஸ்டர்.

“ஒரு எடம் இருக்குது. வாங்க பெரியவரே.”

சந்திரகலா என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அவளுக்குச் சட்டென்று ஏதோ தோன்றிவிட்டது. சிஸ்டர் பக்கம் திரும்பி, “வரவேண்டியவங்க யாரு சிஸ்டர், அவங்களுக்கு என்னா…” என்று ஆரம்பித்தாள்.

“கேக்காத,” என்றேன்.

செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய் எடை பார்க்கிற மெஷினில் ஏறி நின்றேன்.